பழகாத திடலில் பறக்கும் வட்டு

மாணவர்களே, டிஸ்க் கோல்ஃப் என்ற விளையாட்டைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை அடித்துக் குழியில் விழச் செய்வார்கள். இதில் பறக்கும் வட்டை எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் விழச் செய்ய வேண்டும். குறைந்த எறிதல்களில் முடிப்பவரே வெற்றியாளர். 1975-இல் எட் ஹெட்ரிக் என்பவர் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இதற்கான முதல் நிரந்தரத் திடலை அமைத்தார்.

வெளியூர்த் திடலுக்குச் செல்பவர், வழக்கம்போல் எறிந்தும் வட்டு எங்கோ போய் விழுவதைக் காண்பார். கை மாறவில்லை, காற்று மாறிவிட்டது.

வேகம் எதைப் பொறுத்தது?

குளுவாங்கில், காற்றில்லாத திடலில் ஒருவர் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்து பழகியிருக்கிறார். டிசம்பரில் மெர்சிங் கடற்கரைக்குப் போகிறார். வடகிழக்குப் பருவக்காற்று கடலிலிருந்து வீசும் காலம் அது. காற்றின் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் என்று கொள்வோம்.

கடலை நோக்கி எறிந்தால், வட்டின் மீது மோதும் காற்றின் வேகம் 20 + 5 = 25. கடலுக்கு முதுகைக் காட்டி எறிந்தால் 20 − 5 = 15. இதுவே சார்பு வேகம்.

வட்டை மேலே தூக்கும் விசை இந்தச் சார்பு வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். குளுவாங்கோடு ஒப்பிடுவோம்:

எதிர்க்காற்று: (25 ÷ 20)² = 1.56 மடங்கு
பின்காற்று: (15 ÷ 20)² = 0.56 மடங்கு

அதே கை, அதே எறிதல். ஆனால் முதலாவது வட்டு மேலே ஏறும். இரண்டாவது சீக்கிரமே தரையிறங்கும்.

திசையும் மாறும்

வலக்கையால் உடலுக்குக் குறுக்கே எறியும் வட்டு, மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழலும். சுழலும் பொருளின் முன்பக்கத்தை அழுத்தினால் அது முன்னே சாயாது, பக்கவாட்டில் சாயும். இதனால் வேகம் மிகுந்திருக்கும்போது வட்டு வலப்பக்கம் சாயும். வேகம் குறையும்போது இடப்பக்கம் திரும்பி இறங்கும். எதிர்க்காற்று வலச்சாய்வைக் கூட்டும். பின்காற்றில் வட்டு விரைவிலேயே இடப்பக்கம் திரும்பிவிடும்.

மலையில் எப்படி?

கேமரன் மலையின் தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. தூக்கும் விசையும் அதே அளவு குறையும். எனவே அங்கு வட்டு சற்று முன்னதாகவே இடப்பக்கம் திரும்பும். ஆனால் மெர்சிங் காற்று செய்த மாற்றத்தோடு ஒப்பிட்டால் இது சிறிது. புதிய திடலில் முதலில் கவனிக்க வேண்டியது காற்றின் வேகமும் திசையுமே.

எறியும் முன்

சிறிது புல்லைக் கிள்ளி, தோள் உயரத்திலிருந்து விடுங்கள். அது விழும் பக்கம் காற்றின் திசையைக் காட்டும். மர உச்சிகளையும் பாருங்கள். தரையில் அமைதியாக இருந்தாலும் மேலே காற்று வீசக்கூடும். எதிர்க்காற்றில் தாழ்வாக எறியுங்கள். பின்காற்றில் சற்று உயர்த்தி எறியுங்கள்.

கணக்கிட்டுப் பாருங்கள்

காற்றின் வேகம் வினாடிக்கு 10 மீட்டரானால், இரு திசைகளிலும் தூக்கும் விசை எத்தனை மடங்கு? (விடை: 2.25, 0.25)