நீர் ஆராய்ச்சியில் கிராமக் கூட்டுறவு

கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு போகங்களுக்கும் தண்ணீரே ஆதாரம் என்பது கல்குளம் தாலுகா விவசாயிகள் யாவரும் அறிந்ததே. ஆயினும் அத்தண்ணீர் எவ்வளவு வருகிறது, எவ்வளவு பயிருக்குச் சேருகிறது, எவ்வளவு வழியில் வீணாகிறது என்று வினவினால், கணக்குடன் விடையளிக்கக்கூடியவர் சிலரே. தலைமடைக்காரர் தமக்கு வந்தது போதவில்லை என்பார். கடைமடைக்காரர் தமக்கு வரவேயில்லை என்பார். அணையில் திறந்துவிட்ட அளவு அதிகாரிகளின் ஏட்டில் இருக்கும். மூவர் கூற்றும் அவரவர் இடத்தில் மெய்யாகவே இருக்கலாம். மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பவர் இல்லாமையால் வழக்கு மட்டும் வளருகின்றது. கதிர் ஈனும் தருணத்தில் தண்ணீர் தப்பினால் பதர் மிகுந்து, அந்நஷ்டம் பெரும்பாலும் கடைமடைக்காரர் தலையிலேயே விழுகின்றது.

1906-ம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி. பத்திரிகைகளில் வெளிவரும் அடிக்கணக்கைக் கொண்டே பலர் சாகுபடியை நிச்சயிக்கின்றனர். நீர்த்தேக்கம் கீழே குறுகியும் மேலே அகன்றும் இருப்பதால், மேலுள்ள ஓரடியில் அடங்கும் நீர் கீழுள்ள ஓரடியில் அடங்குவதில்லை. மட்டம் 24 அடியாக இருக்கும்போது நீர் பாதி இருப்பதாக எண்ணுவது தவறு. பாதிக்கும் குறைவாகவே இருக்கும். மேலும், பத்மநாபபுரம் புத்தனாறு கால்வாய் வழியே செல்லும் நீர் ஓர் ஏலாவை அடையுமுன் எவ்வளவு குறைந்தது என்பதை அணையின் மட்டம் அறிவிக்காது. அதை அறிய, கால்வாய்க் கரையிலேயே அளப்பவர் வேண்டும்.

முன் உதாரணங்கள்

பல இடங்களில் ஒரே முறையாக அளந்து ஒப்பிடும் வழக்கம் இந்நாட்டுக்குப் புதிதன்று. கல்குளம் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்தில், சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ம் வருஷத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு வான ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தினார். பின்னர் அதன் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரவுன் 1855-ல் அகஸ்தியமலையின் உச்சியிலும் ஒரு நிலையம் அமைத்தார். சமவெளியில் கண்ட அளவுகளை மலையில் கண்டவற்றுடன் ஒப்பிட்டாலன்றி உண்மை துலங்காது என்பதே அதன் கருத்து.

இங்கிலாந்தில் ஜார்ஜ் சைமன்ஸ் என்பவர் 1860-ம் வருஷத்தில் 168 இடங்களின் மழைக்கணக்கைத் திரட்டி வெளியிட்டார். அளந்து அனுப்பியவர்கள் பாதிரிமார், வைத்தியர், நிலக்காரர் முதலிய சாதாரண மக்களே. கூலி ஏதும் பெற்றவர்கள் அல்லர். சைமன்ஸ் 1900-ல் காலமானபோது அத்தகைய இடங்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்டிருந்தன. யாவரும் ஒரே மாதிரியான கருவியை, ஒரே நேரத்தில், ஒரே விதிப்படி பார்த்தமையாலேயே அக்கணக்கு குடிநீர்த் திட்டங்களுக்கும் பயன்பட்டது.

விவசாயிகளே நடத்திய உதாரணம் அண்டை நாட்டிலும் உண்டு. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் வறண்ட 7 ஜில்லாக்களில், 2003-ம் வருஷம் முதல் அறுநூறுக்கு மேற்பட்ட ஊர்களில் விவசாயிகள் நாடோறும் மழையையும், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கிணறுகளின் நீர்மட்டத்தையும் தாமே அளந்து வந்தனர். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் துணையும் அம்முயற்சிக்கு இருந்தது. அளவுகள் ஊர்ப் பொதுவிடத்தில் பலகையில் எழுதப்பட்டன. பின்பருவச் சாகுபடிக்கு முன் ஊரார் கூடி, நிலத்தடியில் உள்ள நீர் இவ்வளவு, உத்தேசித்த பயிர்களுக்கு வேண்டியது இவ்வளவு என்று வரவு செலவு பார்த்தனர். எந்தப் பயிர் வைப்பது என்பதில் கட்டாயம் ஏதும் இல்லை. கணக்கு கண்ணெதிரே இருந்தமையால், பலர் தாமாகவே தண்ணீர் குறைவாக வேண்டும் பயிர்களுக்கு மாறினர்.

அளக்க வேண்டியவை

முதலாவது மழை. மலையடிவாரத்தில் பெய்யும் அளவு தக்கலையில் பெய்வதில்லை. தக்கலையில் பெய்வது குளச்சல் கரையில் பெய்வதில்லை. ஆகவே ஏலாவுக்கு ஒரு மழைமானியாவது அவசியம். அருகிலுள்ள மரமோ கட்டிடமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தூரம் விலகி அதனை நிறுவ வேண்டும். தினமும் காலை 8-30 மணிக்கு அளந்து, அளந்த நாளின் தேதியிலேயே பதிய வேண்டும். மழை இல்லாத நாளில் 0 என்று எழுதுக. அளக்கத் தவறிய நாளில் கோடு இடுக. இரண்டையும் ஒன்றாகக் கருதினால் ஏடு முழுவதும் பாழாகும். 25 மில்லிமீட்டர் மழை என்பது ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் நீர் என்பதை நினைவில் வைத்தல் நலம்.

இரண்டாவது கிணறு. கிணற்றின் விளிம்பில் அழியாத குறி ஒன்று இட்டு, அக்குறியிலிருந்து நீர்மட்டம் வரை உள்ள ஆழத்தைப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை, காலையில் பம்பு ஓட்டுமுன் அளக்க வேண்டும்.

மூன்றாவது கால்வாய். நேராக ஓடும் பகுதியில் 10 மீட்டர் தூரம் குறித்து, ஒரு தேங்காய் மட்டைத் துண்டை நடுநீரில் மிதக்கவிட்டு, அது கடக்கும் நேரத்தை மும்முறை பார்த்துச் சராசரி காண்க. கரையோரத்து நீரும் அடிநீரும் மெதுவாக ஓடுமாதலால், மேல்வேகத்தை 0.85-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். உதாரணமாக, அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் அரை மீட்டர், மிதவை கடந்த நேரம் 20 விநாடி என்றால், விநாடிக்கு 425 லிட்டர், அதாவது சுமார் 15 கன அடி நீர் ஓடுகிறது. இம்முறை துல்லியமானதன்று, ஒப்பிடுவதற்குப் போதுமானது.

கூட்டுறவின் பயன்

மேலே கூறிய கால்வாயில் ஒரு பர்லாங்கு கீழே, இடையிலுள்ள மடைகள் எல்லாம் அடைத்திருக்கையில், அதே நாள் அளந்தபோது 300 லிட்டரே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். குறைந்த 125 லிட்டரை எவரும் திருடவில்லை. அது கரை உடைப்பிலோ, நண்டு வளையிலோ, எலி வளையிலோ போயிருக்க வேண்டும். தலைமடைக்காரரைக் குறைகூறுவதை விட்டு இருவரும் சேர்ந்து கரையைப் பார்க்கச் செல்லலாம். மாறாக, மடைகள் திறந்திருக்கும்போது அளந்து, ஒரு மடையில் மட்டும் முறைக்கு மிஞ்சிப் பாய்வதாகத் தெரிந்தால், அதுவும் ஏட்டில் மறையாது. மேல் இடத்தில் தலைமடைக்காரரும் கீழ் இடத்தில் கடைமடைக்காரரும் தனித்தனியே அளந்தால் இந்த உண்மை தெரியாது. இருவரும் இரு இடங்களிலும் உடனிருந்து அளப்பதே விதியாக வேண்டும். தாம் கண்ட அளவை எவரும் மறுப்பது அரிது.

தமிழ்நாட்டில் 2000-ம் வருஷத்திய விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்க இடமுண்டு. அத்தகைய சங்கமோ ஊர்ப் பொதுக்கூட்டமோ இந்த ஏட்டை ஏற்று நடத்தலாம். உயர்தரப் பள்ளி மாணவர்களை மழைமானிக்குப் பொறுப்பாக்கினால் அவர்களுக்கும் அது நல்ல பாடமாகும். கிராம அதிகாரிகள் மாதந்தோறும் ஒரு பிரதி எடுத்து வைத்தல் வேண்டும். அதிகாரி மாற்றலாகிச் செல்லும்போது ஏடும் மறைந்துவிடுவது நன்றன்று. மற்றொரு பிரதியை நீர்வளத்துறைக்கும், திருப்பதிசாரத்திலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்துக்கும் அனுப்பினால், ஆராய்ச்சியாளர் தரும் விளக்கத்தை ஊரார் கேட்டுப் பெறலாம். ஊரார் ஐயங்களும் ஆராய்ச்சியாளர்க்குப் புதிய வேலையைக் காட்டும்.

ஒரு வருஷத்து ஏடு சிறிதே பயன்படும். ஐந்து வருஷத்து ஏடு, எந்த மாதத்தில் நாற்று விடலாம், எந்த வருஷத்தில் கும்பப்பூவைச் சுருக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கும். ஆகவே வரும் பருவ மழைக்கு முன்பே, ஒவ்வோர் ஏலாவிலும் தலைமடையிலிருந்து ஒருவர், கடைமடையிலிருந்து ஒருவர், கிராம அதிகாரி ஒருவர் ஆக மூவர் கூடி, ஒரு மழைமானி, ஒரு கிணறு, கால்வாயில் இரண்டு இடங்கள் ஆகியவற்றைக் குறித்து வேலையை ஆரம்பிப்பார்களாக.