வாயில்லாப் பிராணியின் நோயறிதல்: நாயும் பூனையும்

நெசவாளர் வீட்டில் பூனையும் உழவர் களத்தில் நாயும் இருப்பது அலங்காரத்திற்காக அன்று. கஞ்சி போட்ட பாவின் மணத்தை எலி நன்கு அறியும். ஓர் இரவில் அது கடித்துவிட்ட இழைகளைப் பிணைத்துச் சீராக்க ஒரு பகல் போதாது. நெல் மூட்டைக்கும் விதைக்கடலைக்கும் நேரும் சேதமும் இத்தகையதே. இச்சேதத்தைத் தடுத்து நிற்கும் இவ்விரு காவலரும் கூலி கேளாத ஊழியர். ஆயினும் இவை நோயுற்றால், "நாய்தானே, பூனைதானே" என்று விட்டுவிடுவது நம்மிடையே பரவியுள்ள வழக்கம். இவ்வழக்கத்தால் நாம் இழப்பது ஒரு பிராணியை மட்டும் அன்று. சில நோய்கள் அதனிடமிருந்து நம் குழந்தைகளையும் வந்து பற்றும். ஆகவே நோயை அறிந்துகொள்ளும் முறையை அங்கத்தினர் ஒவ்வொருவரும் கற்றிருத்தல் நலம்.

இப்பாடம் சிகிச்சை கற்பிப்பதற்கு அன்று. சிகிச்சை கால்நடை மருத்துவரின் பொறுப்பு. எது நோய், எது அபாயம், எதற்கு ஒரு நாள் பொறுக்கலாம், எதற்கு ஒரு நாழிகையும் பொறுக்கலாகாது என்பதை அறிவதே நம் பொறுப்பு.

1. முதலில் நலத்தை அறிக

பிராணி தன் நோவைச் சொல்லாது. கூடியவரை மறைக்கவும் செய்யும். பூனை இதில் மிகத் தேர்ந்தது. ஆகையால் நோயறிதல் என்பது பெரும்பாலும் வழக்கத்தில் ஏற்பட்ட மாற்றத்தைக் காண்பதேயாகும். எவ்வளவு உண்ணும், எங்கே படுக்கும், எவ்வளவு நீர் பருகும், எத்தனை முறை சிறுநீர் கழிக்கும் என்று நலமாயிருக்கும் காலத்தில் கவனித்தவரே நோயை முதல் நாளில் காண்பார்.

நாய்க்கும் பூனைக்கும் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். இது நம் உடல் வெப்பத்தைவிட மிகுதி. எனவே தொட்டவுடன் சூடாயிருக்கிறது என்று காய்ச்சல் எனக் கொள்வது தவறு. மூக்கு உலர்ந்திருப்பதும் நோய்க்கு உறுதியான அடையாளம் அன்று. நம்பத் தக்க அடையாளம் ஈறு. நலமுள்ள பிராணியின் ஈறு இளஞ்சிவப்பாயிருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மீண்டும் சிவக்கும். ஈறு கறுத்த நிறமுடைய நாய்க்குக் கீழ்இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். வெளுப்பு, நீலம், மஞ்சள், செங்கல் போன்ற கடுஞ்சிவப்பு ஆகியவற்றுள் எது தோன்றினும் அன்றே மருத்துவரை நாட வேண்டும். மூச்சையும் எண்ணிப் பார்த்தல் எளிது. உறங்கும்போது நிமிடத்திற்கு 30க்கு மேல் தொடர்ந்து மூச்சு வாங்குமாயின் அது நோய்க்குறி. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது மிகுந்த ஆபத்தின் குறி.

2. நூலும் பூனையும்

நெசவாளர் வீட்டிற்கே உரிய அபாயம் ஒன்று உண்டு. தறியடியில் கிடக்கும் கழிவு நூலோடு பூனைக்குட்டி விளையாடும். பூனையின் நாவில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால், வாயிற் புகுந்த இழையை அது எளிதில் துப்ப இயலாது, விழுங்கியே தீரும். நூலின் ஒரு முனை நாவின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறு பகுதி குடலுக்குள் செல்லும். உணவைத் தள்ள முயலும் குடல், சுருக்குக் கயிறு இழுத்த பைபோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். இறுகிய நூல் நாளடைவில் குடற்சுவரை வாள்போல் அறுத்துவிடும். பட்டும் சரிகையும் ஊசி கோத்த நூலும் இவ்வாறே கொல்லும்.

அடிக்கடி வாந்தி, உணவு மறுத்தல், சோர்ந்து ஒடுங்குதல், வயிற்றைத் தொட்டால் வலியால் கத்துதல் ஆகியவை இதன் குறிகள். வாயிலோ மலவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் அதனை இழுக்கவே கூடாது. இழுப்பவர் அறியாமலே உள்ளே குடலை அறுக்கிறார். இருந்தபடியே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். தடுப்பதோ மிக எளிது. கழிவு நூலுக்கு மூடியுள்ள ஒரு கூடையைத் தறியருகே வைத்து, வேலை முடிந்ததும் தறிக்குழியைப் பெருக்கினால் போதும்.

3. எலிமருந்தும் பூச்சிமருந்தும்

எலிக்கு வைத்த நஞ்சு எலியோடு நிற்பதில்லை. சாம்பல் கலந்த கருநிறத் தூளான ஜிங்க் பாஸ்பைடு, இரைப்பை அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயுவாக மாறும். சில மணி நேரத்திற்குள் வாந்தியும் மூச்சுத் திணறலும் வலிப்பும் காணலாம். இதற்கு மாற்று மருந்து இல்லை. உணவு கொடுத்தால் அமிலம் சுரந்து வாயு பெருகும். ஆகவே எதையும் ஊட்டலாகாது. அவ்வாந்தியிலிருந்து எழும் வாயு மனிதருக்கும் தீங்கானது. கதவு சன்னல்களைத் திறந்துவிட வேண்டும்.

கடையில் கட்டியாக விற்கும் வேறு வகை எலிமருந்து இரத்தம் உறையும் ஆற்றலைக் கெடுக்கும். இதை உண்ட நாய் முதல் இரண்டொரு நாள் நலமாகவே தோன்றும். பிறகே ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம், கரிய மலம், மூச்சு வாங்குதல் ஆகியவை வெளிப்படும். இதற்கு வைட்டமின் கே1 என்னும் நல்ல மாற்று மருந்து உண்டு. காலத்தோடு தொடங்கிச் சில வாரங்கள் தொடர்ந்தால் பிழைக்கும். எனவே உண்டதைக் கண்டவர், "ஒன்றும் ஆகவில்லையே" என்று காத்திருத்தல் பெரும் தவறு.

பயிருக்குத் தெளிக்கும் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து பட்டால் எச்சில் ஒழுகும், கண்ணீர் வடியும், கண்மணி ஊசிமுனை போல் சுருங்கும், தசைகள் துடிக்கும். உண்ணியைக் கொல்ல இம்மருந்தையே நாயின் மேல் பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது நாயைக் கொல்லும் வழக்கம். பூனையோ தன் உடலை நக்கித் தூய்மை செய்வது. ஆகையால் சாயநீர், காஸ்டிக் சோடா, பூச்சிமருந்து எதுவாயினும் அதன் மயிரிற் பட்டது வயிற்றுக்குள்ளும் போய்ச் சேரும்.

நஞ்சு உண்ட பிராணிக்கு உப்புநீர், புளிக்கரைசல், எண்ணெய் முதலியவற்றை வாயில் ஊற்றலாகாது. மயங்கிய பிராணிக்கு அவை மூச்சுக்குழலில் இறங்கும். காஸ்டிக் போன்ற எரிபொருளை வாந்தியெடுக்கச் செய்தால் தொண்டை இரண்டாம் முறையும் வெந்துபோகும். மேலே பட்டதைக் கையுறை அணிந்து மிகுதியான நீரால் கழுவி, மருந்தின் உறையையும் உடன் எடுத்துக்கொண்டு விரைவதே நாம் செய்யத் தக்கது.

4. நம் மருந்தும் நம் உணவும்

நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாரசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. அதை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதிய அளவு இல்லை. ஒரு மாத்திரையே உயிரைப் போக்கும். ஈறு பழுப்பாதலும் முகம் வீங்குதலும் குறிகள். நாய்க்கென விற்கும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவற்றைப் பூனைக்குப் பூசினால் நடுக்கமும் வலிப்பும் வரும்.

வெங்காயமும் பூண்டும், பச்சையாயினும் சமைத்ததாயினும், இவ்விரு பிராணிகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவற்றிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று ஆய்வாளர் இப்போது கருதுகின்றனர். புளியிலும் அவ்வமிலம் மிகுதி. எனவே மிஞ்சிய குழம்புச் சோற்றை நாய்க்கு இடுவதைவிட வெறுஞ்சோற்றோடு முட்டையோ மீனோ கலந்து இடுவது மேல்.

5. பொறுக்கலாகாத நோய்கள்

ஆண்பூனை சிறுநீர் கழிக்க அடிக்கடி முக்கியும் நீர் வராமல் கத்துமாயின், அதை மலச்சிக்கல் என எண்ணி விளக்கெண்ணெய் கொடுப்பவர் பலர். சிறுநீர்த் தாரை அடைபட்ட பூனை இரண்டு மூன்று நாட்களில் இறந்துவிடும். அன்றே அடைப்பை நீக்க வேண்டும்.

நாய்க்குட்டிக்கு வாந்தியும் இரத்தக் கழிச்சலும் சேர்ந்து வந்தால் அது பார்வோ நோயாக இருக்கலாம். 1978இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய இந்நோய், உடலின் நீரை வற்றச் செய்து கொல்லும். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் வரை 3 அல்லது 4 வார இடைவெளியில் திரும்பவும் போடுதல் காப்பாகும்.

உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் உணவை மறுத்துச் சோர்ந்து கிடக்கும், ஈறு வெளுக்கும், சில வேளை மூக்கில் இரத்தம் கசியும். காதின் உட்புறமும் விரலிடுக்குகளும் வாரந்தோறும் பார்க்க வேண்டிய இடங்கள். குட்டி ஈனும் பருவமுள்ள பெண்நாய், பருவக் குறி கண்ட ஓரிரு மாதத்தில் மிகுதியாக நீர் பருகி வயிறு உப்பினால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். கோடையில் வாய் பிளந்து இரைத்து, தள்ளாடி விழும் நாய் வெப்பத்தால் தாக்குண்டது. நிழலுக்குக் கொண்டுவந்து உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறிய பின்னரே வண்டி தேட வேண்டும்.

6. வெறிநோய்

எல்லாவற்றினும் கொடியது ரேபிஸ் என்னும் வெறிநோய். கடிபட்ட உடலில் இது பல வாரம், சில வேளை பல மாதம், மறைந்திருக்கும். குறிகள் தோன்றியபின் மனிதரையோ பிராணியையோ பிழைக்க வைக்கும் மருந்து இல்லை எனலாம். வெறிகொண்டு ஓடிக் கடிப்பது மட்டுமே இந்நோய் என எண்ணுதல் கூடாது. வாய் திறந்தபடி தொங்க, எச்சில் வடிய, குரல் மாறி, மூலையில் ஒதுங்கும் ஊமை வகையும் உண்டு. தொண்டையில் எலும்பு சிக்கியது என்று இரக்கப்பட்டு அதன் வாயில் கைவிடுபவர் தம் உயிரையே பணயம் வைக்கின்றனர்.

கடியோ கீறலோ பட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுக. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி இடலாகாது. உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்க. கடித்த நாயை 10 நாள் கண்காணித்தல் வழக்கமாயினும், அந்நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிவைக்கக் கூடாது. 1907இல் தோன்றிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் ஒரு காலத்தில் ஆக்கிய பழைய முறை ஊசிகள் வயிற்றில் போடப்பட்டன. அம்முறை நம் நாட்டில் 2004ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டது. இப்போது கையில் போடும் சில ஊசிகளே. ஆழ்ந்த காயத்திற்கு எதிர்ப்புப் புரதமும் சேர்த்துச் செலுத்துவர். வலி குறைந்துவிட்டது என்று இடையில் நிறுத்தாமல், குறித்த நாட்களில் எல்லா ஊசிகளையும் பெற வேண்டும்.

நாய்க்கும் பூனைக்கும் 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். தனித்தனியே சென்றால் ஒரு நாள் கூலி போகும். ஒரு தெருவார் கூடிக் கால்நடை மருந்தகத்தாரை வேண்டினால், சங்கக் கட்டடத்திலேயே ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். தனியொருவன் நாய்க்கு ஊசி போட்டுத் தெரு நலம் பெறாது. எல்லாரும் போட்டால் மட்டுமே நோய் நுழைய வழியில்லை. கூட்டுறவின் பயன் நூல் கொள்முதலில் மட்டும் அன்று, இதிலும் உண்டு.

கலந்து பேச வேண்டிய வினாக்கள்

1. நம் வீட்டில் கழிவு நூல், எலிமருந்து, மாத்திரை ஆகியவை எங்கே வைக்கப்பட்டுள்ளன?
2. பூனையின் வாயில் தொங்கும் நூலை ஏன் இழுக்கலாகாது?
3. எலிமருந்து உண்ட நாய் இரண்டு நாள் நலமாயிருப்பின் கவலை நீங்கிவிட்டதா?
4. நம் தெருவில் வெறிநோய்த் தடுப்பூசி பெறாத நாய்கள் எத்தனை? அவற்றிற்கு ஊசி போட யார், எந்த நாளில் ஏற்பாடு செய்வது?