முகத்துத் தடிப்பெல்லாம் தொழுநோய் இல்லை



நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் ஓர் உறுப்பினர் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை. சேமிப்பையும் கடன் தவணையையும் மட்டும் தவறாமல் மகள் கையில் கொடுத்தனுப்பிவிடுவார். "ஏம்மா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்ளும். வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். மூக்கு ஓரத்திலும் கன்னத்திலும் பட்டாணி அளவில் ஐந்தாறு தடிப்புகள். சின்ன வயதில் முழங்கையில் காயம் பட்டு ஆறிப்போன தழும்பு ஒன்று, இப்போது புதுசாகத் தடித்து மேடாக இருந்தது. "பெரிய வியாதின்னு ஊரே பேசுது அக்கா. நான் வந்து பாய்ல உக்காந்தா நாளைக்கு உங்களையும் பேசுவாங்க" என்றார்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சோதித்துப் பார்த்ததில் அது தொழுநோய் இல்லை என்று தெரிந்தது. வந்திருந்தது சார்காய்டோசிஸ் என்ற வேறு ஒரு நோய். பெயர் வாயில் நுழையாது. எங்களுக்கும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காதில் விழுந்தது. அதிகம் பேருக்கு வருகிற நோய் இல்லைதான். ஆனால் இதைத் தொழுநோய் என்றும் காசநோய் என்றும் தவறாக நினைத்து வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகிறவர்கள் உண்டு. அதனால்தான் இந்த மாத உடல்நலப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

நம் உடம்பில் கிருமியோடு சண்டை போடுவதற்கென்று சில அணுக்கள் இருக்கின்றன. சார்காய்டோசிஸில் அந்த அணுக்கள் தேவையில்லாமல் ஓரிடத்தில் கூடி, கண்ணுக்குத் தெரியாத குட்டி முடிச்சுகளாகத் திரண்டுவிடுகின்றன. அந்த முடிச்சுகள் தோலில் சேர்ந்தால் தடிப்பாக வெளியே தெரியும். நுரையீரல், நெஞ்சுக்குள் இருக்கும் நெறிகள், கண், சில பேருக்கு இருதயம் என்று உள்ளேயும் சேரலாம். ஏன் இப்படி ஆகிறது என்று மருத்துவ உலகம் இன்னும் முழுசாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் நிச்சயம். இது தொற்றுநோய் இல்லை. தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, ஒன்றாகப் படுத்தாலோ யாருக்கும் ஒட்டாது. தாய்ப்பாலிலும் பரவாது. யார் செய்த பாவமும் இல்லை, செய்வினையும் இல்லை.

தொழுநோய்க் கிருமியை 1873-ல் கண்டுபிடித்தவர் நார்வே நாட்டைச் சேர்ந்த ஹேன்சன். அதே நாட்டில்தான் 1899-ல் போயக் என்ற தோல் மருத்துவர் இந்தத் தடிப்புகளைப் பற்றி எழுதி, சார்காய்டு என்ற பெயரை வைத்தார். சதை போல இருப்பது என்று அர்த்தம்.

தோலில் இது எப்படித் தெரியும்? பெரும்பாலும் முகத்தில், குறிப்பாக மூக்கைச் சுற்றி, உதட்டோரம், கண் இமை, கழுத்து, முதுகு, கை ஆகிய இடங்களில் சின்னச் சின்னப் பருக்கள் போலவோ தட்டையான தடிப்பாகவோ வரும். ஆங்கிலப் புத்தகத்தில் சிவப்பாக இருக்கும் என்று போட்டிருப்பார்கள். நம்முடைய நிறத்துக்கு அது பழுப்பாக, செம்பு நிறமாக, சில சமயம் கருநீலமாகத்தான் தெரியும். பொதுவாக வலி இருக்காது, அரிப்பும் அதிகம் இருக்காது. முகப்பரு போலச் சீழ் வைத்து உடையாது. மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். இன்னொரு வகையில் மூக்கு நுனி, கன்னம், காது மடல் ஆகியவை தடித்துப் பளபளவென்று ஊதா கலந்த நிறத்துக்கு மாறும். இந்த வகை சீக்கிரம் போகாது, மூக்கடைப்பும் கூடவே வரலாம். கால் முன்னெலும்பின் மேல் தொட்டாலே வலிக்கிற சிவந்த கட்டிகள், காய்ச்சல், கணுக்கால் வீக்கம் என்றும் சில பேருக்கு ஆரம்பிக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இந்த வகை பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும்.

பழைய தழும்பு திடீரென்று தடிப்பது முக்கியமான அடையாளம். ஆபரேஷன் செய்த இடம், சுட்டுக்கொண்ட இடம், பச்சை குத்திய இடம், காது குத்திய இடம் எதுவாகவும் இருக்கலாம். பல வருஷம் சும்மா கிடந்த தழும்பு காரணமே இல்லாமல் மேடாகி நிறம் மாறினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். நம் உறுப்பினருக்கும் நோயைப் பிடித்துக் கொடுத்தது அந்த முழங்கைத் தழும்புதான்.

சரி, தொழுநோய் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குறைந்திருக்கும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டால் அந்த இடத்தில் தெரியாது. சார்காய்டோசிஸ் தடிப்பில் பெரும்பாலும் உணர்ச்சி நன்றாக இருக்கும். ஆனால் இதை வைத்து மட்டும் நாமே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. முகத்தில் வரும் தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி இருக்கவும் செய்யலாம். காது மடல் தடிப்பது இரண்டு நோயிலும் உண்டு. பெரிய டாக்டர்களே கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்வதில்லை.

ஒருவேளை அது தொழுநோயாகவே இருந்திருந்தால்? அப்போதும் அவர் நம் பாயில் உட்கார்ந்திருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசம். நோயின் வகைக்கு ஏற்ப 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும். மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குப் பரவுவதும் நின்றுவிடும். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று இருந்த சட்டப் பிரிவுகளையும் 2019-ல் பாராளுமன்றம் நீக்கிவிட்டது. சட்டமே மாறிவிட்டது, நம்ம தெருதான் இன்னும் மாறவில்லை.

நம் உறுப்பினர் ஆறு மாத காலம் மருந்துக்கடையில் ஒரு டியூப் வாங்கித் தடவியிருக்கிறார். தடவினால் அமுங்கும், விட்டால் திரும்ப வரும். அதில் இருந்தது ஸ்டீராய்டு. "முகம் வெளுக்கும், படை போகும்" என்று சொல்லி விற்கிற களிம்புகள் பலவற்றில் இதுதான் இருக்கிறது. நாளாக ஆகத் தோல் மெலிந்து, முகத்தில் முடி முளைத்து, வெயில் பட்டாலே எரியும். படர்தாமரையாக இருந்தால் இன்னும் பரவும். தொழுநோயாக இருந்தால் அடையாளத்தை மறைத்து சிகிச்சையைத் தள்ளிப்போடும். இப்படிப்பட்ட பல களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. கேட்டு வாங்குவது நாம்தான், அதனால் நிறுத்த வேண்டியதும் நாம்தான்.

நோயை உறுதி செய்வது பயாப்சி என்ற சதைப் பரிசோதனை. "சதையை வெட்டி எடுப்பாங்களாம்" என்று பயந்து பாதி வழியில் திரும்பி வந்தவர்கள் உண்டு. அந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஓர் அரிசி அளவுக்குத் தோலை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். கையிலும் தடிப்பு இருந்தால் முகத்தை விட்டுவிட்டுக் கையில் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தொழுநோய்க் கிருமியும் காசநோய்க் கிருமியும் இருக்கிறதா என்றும் சாயம் போட்டுத் தேடுவார்கள். முடிவு வரச் சில நாட்கள் ஆகும். சதையைக் கொடுத்துவிட்டு முடிவை வாங்கப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பஸ் செலவுக்கு இல்லை என்றால் குழுவில் கேளுங்கள், உள்கடன் அதற்கும்தான்.

சார்காய்டோசிஸ் என்று தெரிந்த பிறகு தோலோடு வேலை முடிந்துவிடாது. நெஞ்சு எக்ஸ்ரே, இ.சி.ஜி., ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகம், ஈரல் சோதனை, கண் பரிசோதனை எல்லாம் செய்யச் சொல்வார்கள். செலவு வைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கண்ணில் வலி இல்லாமலே நோய் இருந்து பார்வையைக் கெடுக்கலாம். வறட்டு இருமல், மூச்சுத் திணறல், கண் சிவப்பு, பார்வை மங்கல் இருந்தால் கேட்கும் வரை காத்திராமல் நாமே சொல்லிவிட வேண்டும். படபடப்பு, மயக்கம், முகம் ஒரு பக்கம் கோணுவது என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்த நோயில் சில பேருக்கு ரத்தத்தில் கால்சியம் தானாகவே ஏறிவிடும், சிறுநீரகத்தில் கல்லும் வரும். கை கால் வலி என்று சொன்னவுடன் கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி-யும் வாங்கிச் சாப்பிடுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. சார்காய்டோசிஸ் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த இரண்டையும் தொடக் கூடாது.

சிகிச்சை ஆளுக்கு ஆள் மாறும். தோலில் கொஞ்சமாக இருந்து உள்ளுறுப்பு எதுவும் பாதிக்கவில்லை என்றால், சும்மா கவனித்துக்கொண்டு இருந்தாலே சிலருக்கு இரண்டு மூன்று வருஷத்தில் மறைந்துவிடும். இல்லாவிட்டால் டாக்டர் சொல்கிற களிம்பு, அல்லது தடிப்புக்குள்ளேயே போடுகிற ஊசி. "நீங்கதானே ஸ்டீராய்டு வேண்டாம்னு சொன்னீங்க?" என்று கேட்பீர்கள். அதே மருந்துதான். எவ்வளவு, எங்கே, எத்தனை நாள் என்று பார்த்துக் கொடுக்க ஓர் ஆள் இருப்பதுதான் வித்தியாசம். அதிகமாக இருந்தால் பிரட்னிசலோன் மாத்திரை தருவார்கள். அதற்கு முன்னால் காசநோய் இல்லை என்று பார்த்துக்கொள்வது மிக அவசியம், ஏனென்றால் ஸ்டீராய்டு காசநோயைக் கிளப்பிவிடும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறலாம், அதையும் பார்க்க வேண்டும். முகம் உப்புகிறது என்று இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

ஹைட்ராக்ஸி குளோரோகுயின் என்ற மாத்திரையும் தோலுக்குக் கொடுப்பதுண்டு. அதற்கு ஆரம்பத்தில் ஒரு தடவையும் பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியிலும் கண்ணைச் சோதிக்க வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் காதைத் தீட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அது வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரை. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் பால் கொடுப்பவர்களும் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு இந்த மருந்து ஆகாது. நம் உறுப்பினருக்கு இதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் மகள், சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் செவ்வாய்க்கிழமைத் தாளில் எல்லாம் மஞ்சளால் பொட்டு வைத்திருக்கிறாள். பொட்டு வைத்த தாள் வந்தால் அன்றைக்கு மாத்திரை.