பட்டா கிழிந்தாலும் நிலம் இருக்கும்

கேள்வி:
எங்கள் ஊர் கடமலைக்குண்டு. அப்பாவுக்கு வருசநாட்டுப் பக்கம் கொஞ்சம் இலவமரத் தோப்பு இருந்தது. போன பங்குனியில் அப்பா தவறிவிட்டார். அவருடைய ஆண்ட்ராய்டு போனில் 32 ஜிபி மெமரி கார்டு போட்டிருந்தார். நாலைந்து வருசத்துப் போட்டோக்கள், என் மகனுக்கு மொட்டையெடுத்துக் காது குத்தியது, தோப்பில் பஞ்சு எடுக்கும்போது அவரே பேசிக்கொண்டு எடுத்த வீடியோ எல்லாம் அதில்தான் இருக்கின்றன. போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே போய்விட்டதால் கார்டை உருவி என் போனில் போட்டேன். ‘எஸ்டி கார்டு பழுதடைந்துள்ளது, சரிசெய்யத் தட்டவும்’ என்று வருகிறது. லேப்டாப்பில் போட்டால் ‘பார்மட் செய்ய வேண்டுமா?’ என்று கேட்கிறது. செல்போன் கடையில், “பார்மட் போட்டுட்டு சாப்ட்வேர்ல எடுத்துக்கலாம்க்கா” என்கிறார்கள். மதுரையில் கொடுத்தால் பல ஆயிரம் ஆகும் என்கிறான் தம்பி. யாரோ சொன்னார்கள் என்று கார்டை ஒருநாள் அரிசிப் பானையில்கூடப் புதைத்து வைத்துப் பார்த்தேன். படங்கள் திரும்பக் கிடைக்குமா? கார்டைச் சரிசெய்ய முடியுமா?
— வாசகி, கடமலைக்குண்டு

பதில்:
அரிசிப் பானையால் கெடுதல் ஒன்றுமில்லை, பலனும் இல்லை. உங்கள் கார்டு நனையவே இல்லையே! ‘பார்மட் செய்ய வேண்டுமா?’ என்று கேட்டபோது ‘சரி’ என்று அழுத்தாமல் விட்டீர்கள் பாருங்கள், அதுதான் பெரிய காரியம். உங்கள் போன் சொல்லும் ‘சரிசெய்யத் தட்டவும்’ என்பதையும் நம்பாதீர்கள். அதைத் தட்டிக்கொண்டே போனால் கடைசியில் பார்மட்டில்தான் கொண்டுபோய் நிறுத்தும். போன் சரிசெய்வதாகச் சொல்வது கார்டை, உங்கள் படங்களை அல்ல.

கடைசியில் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. கார்டைச் சரிசெய்யும் வேலைகள் எல்லாம் அதில் எதையாவது எழுதும். படங்களை மீட்கும் வேலைக்கோ கார்டில் ஒரு எழுத்துகூடப் புதிதாக விழக்கூடாது. ஆகவே முதலில் படங்கள். கார்டின் கதை பிறகு.

அதற்கும் முன்னால் நான் கேட்க வேண்டியது: அப்பாவின் பழைய போன் எங்கே? டிஸ்ப்ளே போன போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் யாராவது எடுத்து வைத்திருந்தால் உடனே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். காரணம் சொல்கிறேன். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், மெமரி கார்டை போனின் உள் சேமிப்பகமாகவே மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. மோட்டோரோலா போன்ற போன்களில் அது உண்டு. சாம்சங் பெரும்பாலும் அதைத் தவிர்த்துவிட்டது. அப்படி மாற்றினால் கார்டு முழுவதும் பூட்டப்பட்டுவிடும், சாவி அந்த போனுக்குள்ளேயே தங்கிவிடும். வேறு எந்த போனில் போட்டாலும், லேப்டாப்பில் போட்டாலும், நல்ல கார்டுகூடப் பழுதான கார்டு போலத்தான் தெரியும். அப்பா கார்டு போட்ட அன்று போன் கேட்ட ஏதோ கேள்விக்குச் சரி என்று தட்டியிருந்தால், உங்கள் கார்டில் கோளாறே இல்லாமலும் இருக்கலாம்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. லேப்டாப்பில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்ற பகுதியைத் திறந்து கார்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அங்கே எதையும் அழுத்த வேண்டாம், பார்த்தால் போதும். 16 எம்பி அளவில் ஒரு சின்னத் துண்டும், மிச்சமெல்லாம் ஒரே பெரிய துண்டுமாக இருந்தால், அது பூட்டப்பட்ட கார்டு. பழைய போனுக்கு டிஸ்ப்ளே மாற்றி, அதிலேயே கார்டைப் போட்டு, படங்களை வெளியே எடுக்க வேண்டியதுதான். டிஸ்ப்ளே மாற்றுபவரிடம் “போனை ரீசெட் பண்ணிடாதீங்க” என்று இரண்டு தடவை சொல்லுங்கள். ரீசெட் செய்தால் சாவி அழிந்துபோகும், அதன்பின் எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது.

ஆனால் உங்களுடையது சாதாரணமாகப் பயன்பட்ட கார்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. டிஸ்ப்ளே போன போன் அணைந்துவிட்டது போலத்தான் தெரியும்; உள்ளே அது ஓடிக்கொண்டே இருந்திருக்கலாம். ஓடும்போது கார்டை உருவியிருந்தால் அதன் அட்டவணை பாதியில் அறுந்திருக்கும். நான் கேள்விப்படும் பத்தில் ஏழெட்டுக் கார்டுகளுக்கு இந்த வியாதிதான்.

அட்டவணை என்றால் என்ன? தோப்பு வைத்திருந்த வீட்டுப் பெண்ணுக்கு எளிதாகப் புரியும். கார்டில் படங்கள் நிலம் மாதிரி. எந்தப் படம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கார்டின் முன்பகுதியில் ஒரு பதிவேடு உண்டு, அது பட்டா. பட்டா கிழிந்துபோனதால் ‘இங்கே நிலமே இல்லை’ என்கிறது லேப்டாப். நிலம் அங்கேதான் கிடக்கிறது. விரைவு பார்மட் என்பது கிழிந்த பட்டாவைத் தூக்கிப் போட்டுவிட்டு வெற்றுப் பட்டாப் புத்தகம் ஒன்று வைப்பது. முழு பார்மட் என்பது நிலத்தையே உழுது தள்ளுவது. விண்டோஸ் விஸ்டா காலம் முதல் முழு பார்மட்டில் கார்டு நெடுகச் சுழியம் எழுதப்படுகிறது. கடைக்காரர் சொன்ன ‘பார்மட் போட்டுட்டு எடுக்கலாம்’ விரைவு பார்மட்டில் பல சமயம் பலிக்கும். அதனால்தான் அவர் தைரியமாகச் சொல்கிறார். ஆனால் பார்மட் போடாமலேயே அந்த சாப்ட்வேர் வேலை செய்யும் என்கிறபோது, எதற்கு இந்த வீண் சூதாட்டம்?

விண்டோஸ் ‘கார்டைச் சோதித்துச் சரிசெய்யவா?’ என்று கேட்பதும் இதே ரகம்தான். செக்டிஸ்க் என்ற அந்த வேலை பட்டாவைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தி எழுதும். சொந்தக்காரர் தெரியாத துண்டுகளை வெட்டி ‘.சிஎச்கே’ என்று முடியும் பெயர்களில் ஒரு மூலையில் குவித்துவிடும். நல்ல எண்ணத்தில் செய்யப்படும் நாசம்.

இனி வேலைக்கு வருவோம். மைக்ரோ எஸ்டி கார்டின் பின்புறம் தங்க நிறத்தில் 8 பட்டைகள் இருக்கும். தூசியும் கை வியர்வையும் படிந்து அவை தொடர்பு விட்டுப்போவது உண்டு. மென்மையான பென்சில் ரப்பரால் ஒருமுறை லேசாகத் தடவி, உலர்ந்த துணியால் துடையுங்கள், போதும். சுரண்ட வேண்டாம். பிறகு லேப்டாப்பின் சொந்தத் துளையை விட்டுவிட்டு, யூஎஸ்பியில் செருகும் கார்டு ரீடர் ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கார்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க, கெட்டது ரீடராக இருந்த கதைகள் நிறைய உண்டு.

அடுத்து கார்டின் கொள்ளளவைக் கவனியுங்கள். 32 ஜிபி கார்டு விண்டோஸில் 29 ஜிபி சொச்சம் என்று தெரிந்தால் நல்லது. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் சுழியம் என்றோ, சில எம்பி மட்டும் என்றோ காட்டினாலும், கார்டு தொட முடியாதபடி சுட்டாலும், உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் என்கிற கட்டுப்பாட்டுச் சில்லு போய்விட்டது என்று அர்த்தம். அங்கே எந்த இலவச சாப்ட்வேரும் உதவாது. வீட்டுக் கைவைத்தியத்தை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

கொள்ளளவு சரியாக இருந்தால், மீட்பைக் கார்டில் நேரடியாக ஆரம்பிக்காதீர்கள். முதலில் கார்டை அப்படியே ஒரே கோப்பாகப் பிரதி எடுங்கள், இமேஜ் என்பார்கள். சாகப்போகும் கார்டுக்கு எத்தனை வாசிப்பு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு தடவை முழுதாக வாசித்துவிட்டால், பிறகு பிரதியை வைத்து நூறு தடவை முயலலாம். விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் என்ற இலவசக் கருவி போதும். லேப்டாப்பில் 32 ஜிபிக்கு மேல் இடம் காலியாக இருக்க வேண்டும். அதில் ‘ரீட்’, ‘ரைட்’ என்று இரண்டு பொத்தான்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ‘ரீட்’ மட்டும்தான் நமக்கு. கை தவறி ‘ரைட்’ அழுத்தினால் கார்டை உழுதுவிடும். இடையில் பிழை காட்டி நின்றுபோனால், லினக்ஸ் தெரிந்த பையன் யாரையாவது பிடித்து ‘டிடிரெஸ்க்யூ’ என்று சொல்லுங்கள். அது வாசிக்க முடிந்ததையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும்.

பிரதி கைக்கு வந்ததும் போட்டோரெக். பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள் இது. 480க்கும் மேற்பட்ட கோப்பு வகைகளை அடையாளம் காணும். இது பட்டாவைக் கேட்பதே இல்லை, நேராக நிலத்தில் இறங்கி வரப்பைத் தேடுகிறது. ஒவ்வொரு ஜேபெக் படமும் எஃப்எஃப், டி8 என்ற இரண்டு எண் குறிகளோடுதான் தொடங்கும். அதைப் பார்த்ததும் ‘இங்கே ஒரு படம் இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும். சாதாரணச் சன்னலில் இயங்கும் க்யூபோட்டோரெக்கைத் திறந்து, இமேஜ் கோப்பைக் காட்டி, கிடைப்பதை லேப்டாப்பில் ஒரு புதிய போல்டரில் சேமிக்கச் சொல்லுங்கள். மறந்தும் கார்டிலேயே சேமிக்காதீர்கள். பெயர்கள் எல்லாம் போய், எண்களோடு ஆயிரக்கணக்கில் கோப்புகள் கொட்டும். சின்னச் சின்ன முன்னோட்டப் படங்கள், நல்வாழ்த்துப் படங்கள், பக்கத்து வீட்டு வளைகாப்பு உட்பட. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார வேண்டியிருக்கும். அளவின்படி அடுக்கிப் பெரிய கோப்புகளிலிருந்து ஆரம்பித்தால் பாதி குப்பை தானாக ஒதுங்கும்.

வீடியோதான் கொஞ்சம் வம்பு. நீளமான வீடியோ கார்டில் துண்டு துண்டாகச் சிதறியிருக்கலாம். பட்டா இல்லாமல் துண்டுகளை வரிசையாகக் கோர்ப்பது போட்டோரெக்குக்குக் கஷ்டம். தவிர, எம்பி4 வீடியோவுக்கு அதன் உள்ளடக்க அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படும். அது இல்லாத வீடியோவை எந்த பிளேயரும் ஓட்டாது. அப்பாவின் தோப்பு வீடியோ அப்படி வந்தால் அழித்துவிடாதீர்கள். அதே போனில் எடுத்து நன்றாக ஓடும் இன்னொரு வீடியோவை மாதிரியாக வைத்து, ‘அன்ட்ரங்க்’ என்ற இலவசக் கருவி அட்டவணையைத் திரும்பக் கட்டிப் பார்க்கும். எப்போதும் பலிக்காது. படம் சிதைந்தாலும் குரல் மட்டும் கிடைத்தவர்கள் உண்டு. இதற்காகவும் அந்தப் பழைய போன் தேவைப்படும்.

இத்தனையும் பலிக்காவிட்டால்தான் மீட்பு ஆய்வகம். மைக்ரோ எஸ்டி என்பது 15க்கு 11 மில்லிமீட்டர் அளவில், 1 மில்லிமீட்டர் கனத்தில், கன்ட்ரோலரையும் நினைவுச் சில்லையும் ஒன்றாக வார்த்த ஒரே கட்டி. ஆய்வகத்தில் அதன் மேல்பூச்சைச் சுரண்டி, அடியில் மறைந்திருக்கும் புள்ளிகளில் முடியைவிட மெல்லிய கம்பிகளை உருப்பெருக்கியின் கீழே வைத்துப் பற்றவைத்து, சில்லை நேரடியாக வாசிக்கிறார்கள். வாசித்ததையும் கன்ட்ரோலர் கலைத்து வைத்த முறையைக் கண்டுபிடித்து மறுபடி அடுக்க வேண்டும். கூலி ஆயிரங்களில் ஆவது இதனால்தான். தம்பி சொன்னது பொய்யில்லை. கொடுப்பதற்கு முன் மூன்று கேளுங்கள்: பார்ப்பதற்குக் கட்டணம் உண்டா, ஒன்றும் கிடைக்காவிட்டால் என்ன தர வேண்டும், எந்தெந்தக் கோப்புகள் கிடைத்தன என்ற பட்டியலைக் காட்டிய பிறகுதானே பணம்? அந்த வேலையைத் தாங்களே செய்கிறார்களா, வேறு ஊருக்கு அனுப்புகிறார்களா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். கார்டு நடுவில் உடைந்திருந்தால் இந்த வழியும் அடைபட்டுவிடும்.

இரண்டாவது கேள்வி, கார்டைச் சரிசெய்வது. படங்கள் வந்தபின் வேண்டுமானால் எஸ்டி சங்கமே இலவசமாகத் தரும் பார்மட் கருவியைப் போட்டு, ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற கருவியால் முழுக்க எழுதி வாசித்துச் சோதிக்கலாம். நான் செய்யமாட்டேன். தோஷிபாவில் ஃபூஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தில், அழித்து எழுதும் ஒவ்வொரு தடவையும் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் மெல்லிய படலம் கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்ததைத் திருப்பித் தர எந்த சாப்ட்வேராலும் ஆகாது. சில கார்டுகள் சாகும்முன் இனி எழுதவே விடமாட்டேன் என்று பூட்டிக்கொள்ளும். வாசிக்கவாவது விடுகிறதே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். புது 32 ஜிபி கார்டும் சில நூறு ரூபாய்தான். ஆனால் பேருந்து நிலையத் தரைக்கடையில் நம்ப முடியாத விலைக்கு விற்கும் 512 ஜிபியை வாங்காதீர்கள். உள்ளே சில ஜிபி மட்டும் இருக்க, மேலே பொய்க் கணக்கு எழுதிய கார்டுகள் நிறையச் சுற்றுகின்றன. அதில் போன படத்தை மீட்கவே முடியாது, ஏனென்றால் அது எழுதப்படவே இல்லை.

உங்கள் ஊருக்கு மேலே மேகமலைக் காடு 2021 முதல் புலிகள் காப்பகத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட காடுகளில் புலியைக் கணக்கெடுப்பதே தானியங்கிக் கேமராவும் அதற்குள் செருகிய கார்டும்தான். 2018 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் கேமரா வைத்து மூன்றரைக் கோடிப் படங்களுக்குச் சற்றுக் குறைவாக எடுத்தார்கள். புலி இருந்த படங்கள் 76,651. மழையிலும் வெயிலிலும் மரத்தில் கட்டிக் கிடந்த கார்டுகள் அவை. அவர்களுக்குக் கார்டு என்பது சாக்கு மாதிரி. அள்ளிக்கொண்டு வந்து கொட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோவதற்கு. நாம்தான் அதைக் குதிராக வைத்துக்கொள்கிறோம்.

கார்டோடு மல்லுக்கட்டும்போதே இன்னொரு பக்கமும் கேட்டு வையுங்கள். காதுகுத்துப் படங்களை அப்பா வாட்ஸ்அப்பில் சித்தப்பா, அத்தை, தாய்மாமன் யாருக்காவது அனுப்பியிருப்பார். தரம் கொஞ்சம் குறைந்திருந்தாலும் அவை படங்கள்தான். அப்பாவின் கூகுள் கணக்கு உங்களுக்குத் தெரிந்தால், கூகுள் போட்டோஸில் தானாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய போனின் கம்பெனி, மாடல், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கண்டது, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அதுவரை கார்டை ஒரு காகித உறையில் போட்டு, மேலே ‘தொடாதே’ என்று எழுதி, வீட்டில் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.