செப்பேடு முதல் சட்டப்பிரிவு வரை: நடுவண் சட்டமும் மாநிலச் சட்டமும்

நம் சின்னமனூரின் பெயரைத் தமிழக வரலாற்றில் நிலைநிறுத்தியவை பாண்டியர் வழங்கிய செப்பேடுகள். மதுரையில் சங்கம் நிறுவப்பட்டதையும் மாபாரதம் தமிழ்ப்படுத்தப்பட்டதையும் உரைக்கும் அவை, அடிப்படையில் அரசாணைகளேயாம். அன்று ஆணை பிறந்த இடம் அரசவை ஒன்றே. இன்றோ நம்மை ஆளும் சட்டங்கள் தில்லியிலும் பிறக்கின்றன, சென்னையிலும் பிறக்கின்றன. ஒரே பொருள் குறித்து ஒரு சட்டம் 'செய்யலாம்' என்றும் மற்றொன்று 'செய்யலாகாது' என்றும் கூறுமாயின் குடிமக்கள் எதனைப் பின்பற்றுவர்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பகுக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, நாணயம் முதலியன நடுவண் பட்டியலைச் சார்ந்தவை. காவல், வேளாண்மை முதலியன மாநிலப் பட்டியலைச் சார்ந்தவை. பொதுப் பட்டியலில் உள்ளவை குறித்து இருவரும் சட்டம் இயற்றலாம். விலங்குவதைத் தடுப்பு இப்பட்டியலில் அடங்கும். மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியும் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் இதற்கு மாற்றப்பட்டது.

பொதுப் பட்டியலில் முரண் எழுந்தால் தீர்வு கூறுவது 254ஆம் பிரிவு. அதன் முதல் உட்பிரிவின்படி நடுவண் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டம் முரண்படும் அளவிற்குச் செல்லாததாகும். இரண்டாம் உட்பிரிவு மாநிலத்திற்கு ஒரு வாயிலைத் திறந்து வைக்கிறது. மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் இசைவைப் பெறுமாயின், அம்மாநில எல்லைக்குள் அதுவே மேலோங்கும்.

இதனை விளக்க, முல்லைக்கலி போற்றும் ஏறுதழுவலினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. நம் தேனி மாவட்டத்து அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் வாடிவாசல் கண்டோர் நம்முள் பலர். இவ்விளையாட்டை முறைப்படுத்தத் தமிழக அரசு 2009இல் ஒரு சட்டம் இயற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் இசைவு பெறப்படவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்பு நடுவண் சட்டத்தோடு அது முரண்படுகிறது என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2014 மே 7இல் அதனைச் செல்லாததாக்கியது. 2016 சனவரியில் நடுவணரசு வெளியிட்ட அறிவிக்கையும் சில நாள்களிலேயே தடையுற்றது.

2017 சனவரியில் மெரினாவில் இளைஞர் திரண்டனர். அவசரச் சட்டம் பிறந்தது. சனவரி 23இல் சட்டப்பேரவை, 1960ஆம் ஆண்டுச் சட்டத்தையே தமிழகத்தளவில் திருத்தும் முன்வரைவை நிறைவேற்றியது. அம்மாத இறுதியில் குடியரசுத் தலைவரின் இசைவும் கிட்டியது. 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு அத்திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. காளையும் களமும் மாறவில்லை. சட்டம் சென்ற வழி மாறியது என்பது ஈண்டு உணரத்தக்கது.

எனினும், பெற்ற இசைவு நிலையானதன்று. மாநிலச் சட்டத்தை மீறிப் பின்னர் நாடாளுமன்றம் புதுச்சட்டம் இயற்றலாம் என்று அதே இரண்டாம் உட்பிரிவு கூறுகிறது. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்கிய தமிழகச் சட்டம் 2007இல் இசைவு பெற்றது. ஆயின் 2016இல் நாடாளுமன்றம் மருத்துவக் குழுச் சட்டத்தைத் திருத்தி, நீட் தேர்வைக் கட்டாயமாக்கியது. விலக்கு வேண்டி 2017இலும் 2021இலும் பேரவை நிறைவேற்றிய முன்வரைவுகளுக்கு இசைவு மறுக்கப்பட்டது.

நாடெங்கும் ஒரே கல்வித்தரம் வேண்டும் என்பார் கூற்றில் பொருளுண்டு. ஆயின் கம்பம் பள்ளத்தாக்கின் ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள், தன் பள்ளி மதிப்பெண்ணை நம்பி மருத்துவராக விழைந்தால், அவளுக்கு 254 என்பது வெறும் எண்ணன்று; வாழ்வின் வாயிற்கதவு. அக்கதவின் திறவுகோல் மாநிலத்தின் கையில் முழுமையாக இல்லை. இசைவு வழங்கக் குடியரசுத் தலைவருக்கு அரசமைப்பு கால எல்லையும் வகுக்கவில்லை. இத்தகைய உறவுகளை ஆராய்ந்தே 1969இல் அமைந்த இராசமன்னார் குழு 1971இல் தன் அறிக்கையை அளித்தது.

மாணவச் செல்வங்களே! சட்டத்தை வெறுப்பதாலோ வியப்பதாலோ பயனில்லை; அதனைக் கற்றல் வேண்டும். ஒரு சட்டம் வீழ்ந்ததென்று கேட்டால், எந்தப் பட்டியல், எந்தப் பிரிவு, இசைவு உண்டா என வினவுக. அவ்வினாக்களே குடியாட்சியைக் காக்கும் படைக்கலன்கள்.