இணையவழிச் சட்டை: எந்த அளவைக் கொடுப்பது?

முழுக்கைச் சட்டையை இணையத்தில் தைக்கக் கொடுப்பவரிடம் நிறுவனங்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் அளவு கேட்கின்றன: உடலளவு, பொருந்தும் பழைய சட்டையின் அளவு, உயரத்தையும் எடையையும் கொண்டு கணினி கணிக்கும் அளவு. இவற்றுள் கணிப்பு எளிதே எனினும், ஒரே எடையுடைய இருவருள் ஒருவருக்குத் தோளும் மற்றவருக்கு வயிறும் பருத்திருக்கலாம் என்பதால், அதை நம்பாதிருப்பதே நலம்.

உடலளவு துல்லியமானதாகத் தோன்றினாலும் பிழை மிகுவது அதில்தான். உடலுக்கும் துணிக்கும் இடையே விடப்படும் கூடுதல் அளவு ‘தளர்வு’ எனப்படும்; மார்பு 38 அங்குலம் உள்ளவருக்கு ஒட்டினாற்போன்ற சட்டைக்கே ஏறக்குறைய 42 அங்குலம் வேண்டும். இதை வாடிக்கையாளரும் சேர்த்து, நிறுவனமும் சேர்த்தால் சட்டை தொளதொளத்துவிடும். கை நீளத்திலும் குழப்பம் உண்டு: நம் தையற்காரர்கள் தோள் தையலிலிருந்து அளக்க, அமெரிக்க முறையோ பின்கழுத்தின் நடுவிலிருந்து அளப்பதால், ஒரே கை ஓரிடத்தில் 25 அங்குலமாகவும் மற்றோரிடத்தில் 34 அங்குலமாகவும் குறிக்கப்படலாம்.

தமிழ்நாட்டுத் தையற்கடைகளில் ‘அளவுச் சட்டை’ கொடுக்கும் வழக்கத்தின் இணைய வடிவமே பழைய சட்டையை அளந்து அனுப்புவது. தளர்வு அதிலேயே அடங்கிவிடுவதால் பெரும்பாலோர்க்கு இதுவே சிறந்தது. பொத்தான்களைப் பூட்டி, மேசைமேல் இழுக்காமல் விரித்து, ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல்வரை அளந்து இரட்டிக்க வேண்டும். இங்கே நேரும் கால் அங்குலப் பிழை சுற்றளவில் அரை அங்குலமாகும் என்பதால் இருமுறை அளப்பது நல்லது. காலரைப் பொத்தானின் நடுவிலிருந்து காஜாவின் வெளிமுனைவரை அளக்க வேண்டும்.

எனினும் சரிந்த தோளையும் கூனலையும் மேசைமேல் கிடக்கும் சட்டை காட்டாது. அணிந்திருக்கும்போது கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வான சுருக்கங்கள் விழுமாயின் தோள் சரிந்தது எனக் கொண்டு, நிழற்படங்களையும் உடன் அனுப்ப வேண்டும். நிழற்படம் ஏற்காத நிறுவனத்தைவிட அத்தகையோர்க்கு உள்ளூர்த் தையற்காரரே மேல்.

பழைய சட்டை துவைத்துச் சுருங்கியது, புதியது இனிமேல்தான் சுருங்கும் என்பதும் கருதத்தக்கது. 16 அங்குலக் காலர் 3 விழுக்காடு சுருங்கினாலே ஏறக்குறைய அரை அங்குலம் குறைந்து கழுத்தை இறுக்கும்; ஆகவே நிறுவனம் சுருக்கத்துக்கு இடம்விட்டுத் தைக்கிறதா என முன்னரே கேட்டறிவது தேவை. மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி கிடைக்கும் என்றாலும், முதலில் ஒன்றை மட்டும் தைக்கக் கொடுத்து, மூன்று முறை துவைத்து அணிந்து பார்த்த பின்னரே மற்றவற்றுக்குப் பணம் செலுத்துக.