பெயர் ஒன்று, மாறி இரண்டு

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மருமகளுக்கு,

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் உள்ள எண்ணெயின் அளவைக் கணிப்பதற்காக நீ எழுதிய பைதன் செய்நிரலும், கூடவே அனுப்பிய கேள்வியும் கிடைத்தன. ‘கனவளவு’ என்னும் சார்புக்குள் நின்று வெளியிலுள்ள ‘மட்டம்’ என்னும் மாறியைத் தடையின்றி வாசிக்க முடிகிறபோது, ‘வடிப்பு’ என்னும் சார்புக்குள் மட்டும் அதே மாறிக்கு மதிப்பில்லை என்று பிழை காட்டுவானேன் என்று கேட்டிருக்கிறாய். கேள்வி நியாயமானது. ஆனால் உன் தோழி சொன்ன பரிகாரம், அதாவது சார்பின் தலையில் ‘குளோபல் மட்டம்’ என்று ஒரு வரி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற அபிப்பிராயம், எனக்குச் சினமூட்டிற்று. உயர்தர மாணவர் பலரிடம் இந்த மூடநம்பிக்கை வேரூன்றியிருக்கிறது.

வடிப்பில் நீ எழுதியிருப்பது ‘மட்டம் = மட்டம் - வடித்தது’ என்ற வரி. பைதன் ஒரு சார்பை இயக்கத் தொடங்குமுன்னரே அதன் உடல் முழுவதையும் பரிசீலித்து, எந்தப் பெயருக்கு அங்கே ஓரிடத்திலேனும் மதிப்பு இடப்படுகிறதோ, அந்தப் பெயரை அச்சார்புக்கே உரிய உள்மாறியென்று தீர்மானித்துவிடுகிறது. அத்தீர்மானம் அந்த ஒரு வரிக்கு மட்டுமன்றி, முதல் வரி தொடங்கி இறுதி வரி வரைக்கும் செல்லும். ஆகவே சமன்குறிக்கு வலப்புறம் நிற்கும் மட்டம், வெளியே நீ 6 மீற்றர் என்று எழுதிவைத்த மட்டமன்று. சார்பை அழைத்தபோது புதிதாய்த் தோன்றி, இன்னும் மதிப்பேற்காமல் நிற்கும் வேறொன்று. கனவளவிலோ நீ மட்டத்துக்கு எதனையும் இடவில்லை. ஆதலால் உள்ளே அப்பெயரைக் காணாத பைதன் வெளியே சென்று தேடிக்கொண்டது. சந்தேகமிருப்பின், மதிப்பிடும் வரியை வடிப்பின் கடைசியில் வைத்து, முதல் வரியில் மட்டத்தை அச்சிடச் சொல்லிப் பார். அந்த முதல் வரியிலேயே பிழை விழும்.

‘குளோபல்’ வரி, மட்டம் என்பது வெளியிலுள்ள மாறியே என்று பைதனுக்குச் சொல்லிவிடுவதால், தோழியின் பரிகாரத்தால் இப்பிழை நீங்கும் என்பது மெய்தான். அதன்பின் நடப்பதைக் கேள். தாங்கிகள் 99. நாளைக்கு வேறொரு சார்பில் மட்டத்தைச் சென்ரிமீற்றருக்கு மாற்றி அதே பெயரில் எழுதுவாய். அதனை மீற்றரென்று எண்ணிக் கனவளவு கணிக்கும். 37ஆம் தாங்கியின் எண்ணெய் நூறு மடங்காகப் பெருகி நிற்கும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. எந்தச் சார்பு மட்டத்தைத் தொட்டது என்பதை அறியச் செய்நிரல் முழுவதையும் நீ துருவ வேண்டியிருக்கும். எல்லாரும் எழுதக்கூடிய மாறிக்கு எவரும் பொறுப்பில்லை.

எண்பதுகளில் பேசிக் மொழியில் எழுதப் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 1964இல் கெமெனியும் கர்ட்சும் டார்ட்மத் கல்லூரியில் ஆக்கிய அம்மொழியில், ‘கோசப்’ என்ற கட்டளையால் துணைநிரலுக்குப் போகலாமேயொழிய, அதன் கையில் ஒரு மதிப்பைக் கொடுத்தனுப்ப மார்க்கமிருக்கவில்லை. மாறிகள் எல்லா இடத்திலும் தெரிந்தன. இத்தனைக்கும் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, பீற்றர் நௌர் பதிப்பித்த அல்கோல் 60 அறிக்கை, ஒரு பெயர் அது அறிவிக்கப்பட்ட கட்டத்துக்குள் மட்டுமே உயிர்வாழும் என்றும், பரமானத்துக்கு, அதாவது அழைக்கையில் வெளியிலிருந்து மதிப்பை ஏற்கும் பெயருக்கு, மதிப்பை மாத்திரம் வழங்கலாம் என்றும் தெளிவாக விதித்திருந்தது. எங்கிருந்தும் மாற்றக்கூடிய இத்தகைய பொதுமாறிகள் தீங்கானவை என்று கணினியியலாளர் உல்ஃப், ஷா இருவரும் 1973இல் கட்டுரையே எழுதினார்கள். இவ்வளவுக்குப் பின்னும் 'குளோபல்' என்று ஒரு பிள்ளை எழுதக் கண்டால், பேசிக்கின் ஆவி இன்னும் நம்மை விட்டபாடில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது. பொதுமாறி கூடாதென்ற இந்தக் கொள்கையை எவர் மறுத்தாலும் நான் விடப்போவதில்லை.

பரமானமும் உள்மாறியே. சார்பின் தலைப்பில் நீ ‘மட்டம்’ என்று எழுதுவதும் அழைக்கையில் ‘மட்டம்’ என்று தருவதும் பெயரளவில் ஒன்றாயிருக்கலாம். அவ்வொற்றுமையால் உறவெதுவும் பிறந்துவிடாது. 6 என்ற எண்ணைக் கொடுத்து, உள்ளே அதனை 5 ஆக்கினாலும், வெளியில் 6 அப்படியே இருக்கும். புதிய மதிப்பு வேண்டுமென்றால் ‘ரிட்டர்ன்’ வாயிலாகப் பெற்று வெளிமாறிக்கு நீயே இடவேண்டும். பட்டியலில் மட்டும் விழிப்பாயிரு. அளவீடுகளின் பட்டியலைக் கொடுத்து, சார்புக்குள் அதிலே ஓர் உறுப்பைச் சேர்த்தால் வெளியிலும் அது சேர்ந்திருக்கும், ஏனெனில் இரு பெயர்களும் அதே பட்டியலைச் சுட்டுகின்றன. அப்பெயருக்கு வேறு பட்டியலை இட்டாலோ வெளியிலுள்ளது மாறாது.

‘பை’ போன்ற மாறிலிகளை வெளியே வைப்பதற்கு நான் தடை சொல்லேன். ஆனால் தாங்கிகளின் தொகையை அங்ஙனம் வைக்காதே. அது மாறாத எண்ணன்று. கட்டியபோது 101 இருந்தன; அவற்றுள் இரண்டு பின்னர் அழிந்தன. அவ்விரண்டில் ஒன்று, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானமொன்று மோதி எரிந்துபோயிற்று.

இனி, வடிப்புக்கு மட்டம், வடித்தது என இரு பரமானங்களையும், கனவளவுக்கு ஆரை, மட்டம் என இரண்டையும் கொடு. இரண்டும் தம் விடையை ‘ரிட்டர்ன்’ மூலம் திருப்பட்டும். ‘குளோபல்’ என்று தொடங்கும் வரிகளையெல்லாம் அழித்துவிட்டு, செய்நிரலை மறுபடி எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா